ஐந்து அறையிலும் ஒரே பாட்டு

மலைமேலிருக்கும் அட்டுவம்பட்டியில் ஆக்ஸிலியாவின் வீட்டுக்குப் போகிறவர்கள் அப்போதெல்லாம் முதலில் அவளைப் பார்க்க மாட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரலைத்தான் கேட்பார்கள்.

"வணக்கம் சார். நான் லைன்லதான் இருக்கேன். கோபப்படாம மெதுவாச் சொல்லுங்க சார்."

தேன் குரல் என்று சொல்ல முடியாது. நாற்பத்தேழு வருஷம் மலைக்குளிர் குடித்த தொண்டை, மார்கழியில் கரகரக்கும். ஆனாலும் அந்தக் குரலுக்கு ஒரு குணம் இருந்தது. எவ்வளவு கொதித்துக்கொண்டு வந்தவரும் இரண்டாவது நிமிஷத்தில், "சரிம்மா, இப்ப என்ன செய்யணும் சொல்லு" என்று இறங்கிவிடுவார்.

பதினெட்டு வருஷம் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் மேட்ரனாக இருந்தவள் அவள். வீட்டு நினைப்பில் அழுத எத்தனையோ பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்துத் தேற்றியவள். விடுதியில் பிள்ளைகள் குறைந்துபோனார்கள். ஒரு கோடை விடுமுறையோடு அதை மூடிவிட்டார்கள். ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து கடிகாரத்தை மாட்டியவள், அதற்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு எட்டு மாதம் உட்கார்ந்திருந்தாள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் பேச்சே இல்லை. சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டும் அவள் கணவன் ஜேசன், "ஊரு உலகத்துக்கெல்லாம் வியூ பாயின்ட் காட்டுறேன். என் வீட்டுல ஒருத்தி ஜன்னலக்கூடத் தெறக்க மாட்டேங்கிறா" என்று கூட்டாளிகளிடம் சொல்லிக் கண்கலங்கினான். பிள்ளை இல்லாத வீடு அது. விடுதிப் பிள்ளைகள்தான் அவளுக்குப் பிள்ளைகள் என்பது அவனுக்குத் தெரியாதா?

பிறகுதான் இந்த வேலை வந்தது. கோயம்புத்தூரில் ஒரு அலுவலகம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஸ்பீக்கர்களை வாங்கியவர்கள் போன் செய்தால், வீட்டிலிருந்தபடியே தமிழில் பதில் சொல்ல வேண்டும். ஸ்பீக்கருக்கு ஒயர் கிடையாது. வீட்டு வைஃபையில் பாடும். அட்டைப்பெட்டியில் ஒரு குருவிப் படம். அறைக்கு ஒன்றாக வைத்துவிட்டு, போனில் ஒரு பொத்தானைத் தொட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பாடும். அதுதான் அதன் பெருமை. அதற்காகத்தான் ஜனங்கள் அந்த விலை கொடுத்து வாங்கினார்கள்.

கம்பளித் தொப்பிக்கு மேல் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆக்ஸிலியா உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தாள். ஜேசனுக்கு மனைவி திரும்பக் கிடைத்தாள்.

மற்றவர்கள் எடுத்தவுடன் மாடல் நம்பர் கேட்பார்கள். இவள் மட்டும், "வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் என்ன இருக்கு சார்?" என்று கேட்பாள். அவர்கள் சொல்லச் சொல்ல, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த வீட்டை வரைவாள். ஹால் எது, சமையல்கட்டு எது, நடுவில் எந்தச் சுவர் மறைக்கிறது, எந்த ஸ்பீக்கருக்குச் சிக்னல் எட்டாது என்று தாளில் தெரிந்துவிடும். இப்படி அவள் பார்க்காமலே பார்த்த வீடுகள் ஒரு கட்டு சேர்ந்திருந்தன.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாவத்தை ஏற்றுக்கொள்ளும் ஜெபம் வரும்போது மார்பில் தட்டிக்கொள்வார்களே, அது அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே உடம்போடு ஊறிவிட்டது. 'தப்பு' என்ற சொல் வாயில் வந்தாலே வலது கை மூடிக்கொண்டு மார்புக்குப் போய்விடும். ஒருநாள் அவளுடைய டீம் லீடர் கோகுல் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டான்.

"மேம், நீங்க பேசற போன்ல மட்டும் தொம்மு தொம்முன்னு ஒரு சத்தம் வருதுங்க. குவாலிட்டி டீம்ல கேக்கறாங்க. பக்கத்துல யாராச்சும் மாவு இடிக்கறாங்களா?"

"இல்ல தம்பி. கஸ்டமர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்."

"மன்னிப்புக் கேட்டா ஏனுங்க இடிக்குது?"

அவள் விளக்கினாள். கோகுல், "கொஞ்சம் மைக்கைத் தள்ளி வெச்சுட்டு இடிச்சுக்கங்க மேம்" என்றான்.

மாலையில் இதைக் கேட்ட ஜேசன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாவசங்கீர்த்தனத்த ஃபாதர்கிட்டதான் பண்ணணும் ஆக்ஸி. கஸ்டமர்கிட்ட பண்ணக் கூடாது!"

அந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய சோதனையாகத் திரும்பும் என்று அன்றைக்கு இரண்டு பேருக்கும் தெரியாது.

சென்ற வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த அழைப்பு வந்தது.

"ஏம்மா, குருவி டப்பாக்காரங்களா?"

ஹெட்செட்டையே உலுக்கும் குரல். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கும் நாச்சிமுத்து. முப்பது வருஷம் ஏலம் கூவிக் கூவி, சாதாரணமாகப் பேசுவதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"ஆமாங்கய்யா. சொல்லுங்க."

"அஞ்சு டப்பா வாங்கிப் போட்டிருக்கேன். நாலு ஒழுங்காப் பாடுது. சமையக்கட்டுல இருக்கறது மட்டும் அப்பப்ப ஊமையாயிருது."

"வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் என்னங்கய்யா இருக்கு?"

"செருப்பு ஸ்டாண்டு."

ஆக்ஸிலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. பிறகு ஹால், இடது கைப்பக்கம் பூஜை ரூம், அதைத் தாண்டிச் சமையல்கட்டு, எதிரே படுக்கையறை, கடைசியில் கொல்லைப்பக்கத்து நீள அறை என்று அவர் சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். சமையல்கட்டு ஸ்பீக்கருக்கு ஃபிரிட்ஜ் மறைப்பதைக் கண்டுபிடித்துத் தள்ளிவைக்கச் சொன்னாள். அப்போதுதான் அவள் திரையில், அந்த வீட்டின் ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் புது அப்டேட் ஒன்று போடப்படாமல் நிற்பது தெரிந்தது. நிற்கிற அப்டேட்டைப் போடச் சொல்ல வேண்டும் என்பது விதி.

"போன்ல அப்டேட்டுன்னு ஒண்ணு காட்டும். அதைத் தொட்டுருங்கய்யா."

"ஓடுற வண்டியில எதுக்கும்மா கைய வெக்கச் சொல்றே? தொட்டா நெசமா ஒண்ணும் ஆகாதா?"

"நான் சொல்றேன்ல. தொடுங்க."

தொட்டார். சமையல்கட்டு ஸ்பீக்கர் அந்த நேரத்தில் பாடவும் ஆரம்பித்தது. "நல்லா இருப்பே தாயி" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையிலிருந்து அவள் ஹெட்செட் ஓயவில்லை. மதுரையிலிருந்து ஒரு டாக்டர். சேலத்திலிருந்து ஒரு கல்யாண மண்டபக்காரர். திருச்சியிலிருந்து ஒரு பாட்டு டீச்சர், "பணம் குடுத்து வாங்கினது நாங்க. எங்க வீட்டுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போக நீங்க யாருங்க?" என்று கேட்டாள். எல்லோருக்கும் ஒரே புகார்தான். ஸ்பீக்கர்கள் சேர்ந்து பாடவில்லை. ஒன்றாகக் கட்டும் பொத்தானையே காணோம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பாடவைக்க முடிகிறது. தனித்தனியாகத்தான் சத்தம் கூட்டிக் குறைக்க முடிகிறது.

அலுவலகத்திலிருந்து அனுப்பியிருந்த வாசகத்தை அவள் படித்தாள்: "உங்கள் அனுபவத்தை மேம்படுத்துவதற்காகச் சில மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன." ஒரு நாளைக்கு எழுபது முறை படித்தாள். எழுபது முறையும் எதிர்ப்பக்கம், "எது மேம்பட்டுச்சு, அதைச் சொல்லு" என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் பொறுக்க முடியாமல் கோகுலைக் கூப்பிட்டாள்.

"தம்பி, என்ன நடந்துச்சுன்னு எனக்காச்சும் சொல்லுங்க."

கோகுல் குரலைத் தாழ்த்தினான். "நம்ம ஸ்பீக்கர் கம்பெனிக்கும் இன்னொரு பெரிய கம்பெனிக்கும் சண்டைங்க மேம். பல ஸ்பீக்கரைச் சேர்த்துப் பாட வெக்கற வித்தைய நாங்கதான் மொதல்ல கண்டுபிடிச்சோம், எங்க பேர்ல பேட்டன்ட் இருக்குதுன்னு அவங்க கேஸ் போட்டாங்க. வெளிநாட்டுக் கோர்ட்டுல அவங்க பக்கம் தீர்ப்பாயிருச்சு. அவங்ககிட்ட அனுமதி வாங்கறதுக்கு இவங்களுக்கு மனசில்லைங்க. அதனால அந்த வித்தையவே எடுத்துட்டாங்க."

"இனிமே விக்கிறதுல இருந்துதானே?"

"ஏற்கனவே வித்ததுல இருந்தும்தாங்க. அந்த அப்டேட்டு எதுக்குன்னு நினைச்சீங்க?"

ஆக்ஸிலியாவுக்குக் காதுமடல் வரைக்கும் சூடேறியது. "நான் சொல்றேன்ல. தொடுங்க." தன் குரலே தன் காதில் திரும்பக் கேட்டது.

"மேம், கேஸு, பேட்டன்ட்டு, எடுத்துட்டோம்னு ஒரு வார்த்தையும் கஸ்டமர்கிட்ட வரக் கூடாதுங்க. எங்க தப்புன்னு மட்டும் சொல்லவே கூடாது. மேல இருந்து ரொம்ப ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாங்க."

நான்காம் நாள் நாச்சிமுத்து கூப்பிட்டார். கத்தவில்லை. அதுதான் ஆக்ஸிலியாவைப் பயமுறுத்தியது. முப்பது வருஷம் ஏலம் கூவிய மனிதர், பக்கத்தில் யாரோ தூங்குவது போல மெதுவாகப் பேசினார்.

"தாயி, என் சம்சாரம் முத்துலட்சுமிக்கு மூணு வருஷமா ஞாபகம் தப்பிக்கிட்டு வருது. வீட்டுக்குள்ள ஒரு எடத்துல உக்கார மாட்டா. ரூம் ரூமா நடந்துக்கிட்டே இருப்பா. ஆளில்லாத ரூமுக்குள்ள போனா பயந்துக்குவா. அதுக்குத்தான் அஞ்சு டப்பாவும். எந்த ரூமுக்குப் போனாலும் அதே முருகன் பாட்டு, அதே வரி கேக்கும். பாட்டு கூடவே வருதுன்னு நம்பி நடப்பா. சமையக்காரம்மாகிட்ட விட்டுட்டு நான் நிம்மதியா மண்டிக்குப் போயிட்டு வருவேன்."

"ஐயா..."

"இப்ப ஒண்ணு முன்னாடி பாடுது, ஒண்ணு பின்னாடி பாடுது. ஹால்ல ஒரு வரி, கொல்ல ரூம்ல அடுத்த வரி. யாரோ உள்ள உக்காந்து தன்னைக் கேலி பண்றாங்கன்னு நெனைக்கிறா. நேத்து தொடப்பத்தைத் தூக்கிட்டு ரூம் ரூமாத் தேடுறா. நிறுத்திட்டா அழறா. போட்டா பயப்படுறா. நான் என்ன தாயி செய்யட்டும்? நான் எதும் தப்பாத் தொட்டுட்டேனா? என் கையிதான் முரட்டுக் கை. நான் தொட்டதுலதான் கெட்டுப்போச்சா?"

திரையில் அந்த வாசகம் பளபளவென்று நின்றது. உங்கள் அனுபவத்தை மேம்படுத்துவதற்காக. ஆக்ஸிலியா அதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு.

"உங்க கை மேல ஒரு தப்பும் இல்லீங்கய்யா. எங்க தப்பு. நான்தான் தொடச் சொன்னேன். என் தப்பு."

தொம். தொம். மைக்கைத் தள்ளிவைக்க அவளுக்கு நினைவில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கேஸ், பேட்டன்ட், எடுத்துவிட்டது, இனி திரும்பி வராது என்பது வரை. நாச்சிமுத்து பொறுமையாகக் கேட்டார். மார்க்கெட் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் அவருக்கு எதுவும் புரியும்.

"இரு தாயி, எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். ஒருத்தன் மூட்டையில இருக்கற மார்க்க, இன்னொருத்தன் தன் மூட்டையில போட்டு வித்துட்டான். அதுக்குச் சண்டை. சரி. வியாபாரிக்கும் வியாபாரிக்கும் தகராறு, அடிச்சுக்கட்டும். அதுக்காக, காயை வாங்கிட்டுப் போனவன் வீட்டுக்குள்ள பூந்து, அடுப்புல கொதிக்கற கொழம்புல இருந்து கத்திரிக்காயைப் பொறுக்கிட்டா போவாங்க?"

"அதத்தாங்கய்யா செஞ்சிருக்காங்க."

"நீ எந்த ஊரும்மா?"

ஊர் சொல்லக் கூடாது என்பதும் விதி. "அட்டுவம்பட்டி" என்றாள்.

"உங்க பக்கத்து ஊரு பள்ளங்கி கேரட்டெல்லாம் நம்ம மண்டிக்குத்தாம்மா வருது. மலைக்காரப் புள்ளையா நீ. அதான் மறைக்கத் தெரியல."

அடுத்த மாதம் இடி விழுந்தது.

மண்டிக்காரர்கள் போனில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும்படி வைத்திருப்பார்கள். வாயால் பேசிய விலையை நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது அல்லவா? நாச்சிமுத்துவின் போனும் அப்படித்தான். திண்டுக்கல்லில் நுகர்வோர் வழக்குப் போடலாம் என்று போனவர், கையில் இருந்ததையெல்லாம் வக்கீலிடம் கொடுத்தார். வக்கீல் கேட்டுக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்க தப்பு. தொம். தொம். கம்பெனியின் ஆளே ஒத்துக்கொண்ட வார்த்தை! அந்தப் பதிவோடு கம்பெனிக்கு நோட்டீஸ் போனது.

கோகுல் வீடியோவில் வந்தான். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை.

"மேம், ஒரு லெட்டர் அனுப்பியிருக்காங்க. படிக்கறேனுங்க. 'நான் உணர்ச்சிவசப்பட்டு, விவரம் தெரியாமல் பேசினேன். அன்று நான் வாடிக்கையாளரிடம் கூறியவை உண்மையல்ல.' இதுல கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கெழமைக்குள்ள அனுப்பணுங்க. போட்டா வார்னிங்கோட விட்ருவாங்க. போடலைன்னா..."

"வேலை போயிரும்."

"ஆமாங்க மேம்."

அன்றைக்குத் திங்கட்கிழமை. ஜேசன் ஜீப்பைக் கழுவிவிட்டு ஈரக்கையோடு உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டவன் நெடுநேரம் துண்டாலே கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போட்டுரு ஆக்ஸி."

"நான் சொன்னது உண்மை இல்லேன்னு எழுதணுமாம்ங்க."

"ஒரு கையெழுத்துதான. ஆண்டவருக்குத் தெரியாதா?" அவன் குரல் உடைந்தது. "எனக்குச் சம்பளம் பெருசில்ல. நீ மறுபடி அந்தச் செவத்தப் பாத்து உக்காந்துருவியோன்னுதான் பயமா இருக்கு. அந்த எட்டு மாசம் எனக்கு எப்படிப் போச்சுன்னு உனக்குத் தெரியாதுடி."

அவளுக்கும் அந்தப் பயம்தான். பேச்சு போனால் தனக்கு என்ன மிஞ்சும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பேனாவை எடுத்தாள், வைத்தாள். கடைசியில், "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்த அம்மாவை ஒரு தடவ பாக்கணும்" என்றாள்.

 புதன்கிழமை வெள்ளனே ஜேசன் ஜீப்பை எடுத்தான். பழனி மலைப்பாதையில் இறங்கும்போது அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நாச்சிமுத்து மண்டி எது என்று கேட்டதற்கு மூன்று பேர் கை காட்டினார்கள். மண்டியில் நின்ற பெரிய மனிதர், "ஐயா" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதும் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டார்.

"தாயி! அந்தக் கொரலு!"

வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவருக்கு முன்னால் அவள் நடந்தாள். செருப்பு ஸ்டாண்டு. ஹால். இடது கைப்பக்கம் பூஜை ரூம். வழி கேட்கவில்லை. காலண்டர் தாளில் வரைந்த கோடுகளுக்குள் உயிரோடு நடப்பது போல இருந்தது அவளுக்கு. ஆனால் தாளில் அவள் வரையாத ஒன்று அந்த வீட்டில் இருந்தது. சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, ஒரு அம்மாள் நடந்துகொண்டிருந்தாள். கண்ணில் அப்படி ஒரு மிரட்சி!

நாச்சிமுத்து செய்து காட்டினார். ஹாலில் ஒன்றைப் பாடவைத்துவிட்டு, அந்தப் பெரிய உடம்போடு பூஜை ரூமுக்கு ஓடினார், அங்கிருந்து சமையல்கட்டு, அங்கிருந்து படுக்கையறை. ஐந்தாவதற்குப் போய்ச் சேருவதற்குள் ஹாலில் பாட்டு அடுத்த அடிக்குப் போயிருந்தது. மூச்சிரைக்க வந்து நின்றார். "எத்தனை வெரசா ஓடினாலும் சேர மாட்டேங்குது தாயி."

பார்த்துக்கொண்டிருந்த ஜேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

லெட்டர் விஷயத்தை ஆக்ஸிலியா சொன்னாள். நாச்சிமுத்து ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டுரும்மா. உன் சோலி போகக் கூடாது. நான் வேணும்னா கேஸையே வாபஸ் வாங்கிக்கறேன். உன்னை மாட்டிவிடணும்னு நான் நெனைக்கல, சத்தியமா."

இப்படிப்பட்ட மனிதரிடம் சொன்னதையா 'உண்மையல்ல' என்று எழுதுவது? ஆனால் அவரே எழுதச் சொல்கிறாரே!  ஆகட்டும், எழுதிவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

அப்போது யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். முத்துலட்சுமி.

"நீ வா. நீயாச்சும் வந்து கேளு. உள்ள ரெண்டு பேரு பாடுறாங்க. ஒருத்தி இங்க, ஒருத்தி அங்க."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல லட்சுமி. ஒரே பாட்டுதான்" என்றார் நாச்சிமுத்து. தினமும் நூறு முறை சொல்லும் பதில் போலிருந்தது. ஆறுதலுக்காகச் சொல்லும் பொய். அதைக் கேட்டதும் அந்த அம்மாளின் முகம் இன்னும் சுருங்கியது. தன் காதையே நம்ப முடியாத வேதனை எத்தனை பெரிய வேதனை!

ஆக்ஸிலியா அவளோடு போனாள். கொல்லை அறை வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். ஆக்ஸிலியா கண்ணை மூடிக்கொண்டு, புகார் கேட்பது போலவே கவனமாகக் கேட்டாள்.

"ஆமாங்கக்கா. ரெண்டு கேக்குது."

முத்துலட்சுமி திரும்பி அவளை உற்றுப் பார்த்தாள்.

"கேக்குதா?"

"நல்லாவே கேக்குது. நீங்க சொல்றதுதான் சரி."

அந்த அம்மாளின் முகத்தில் என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வது? மிரட்சி அப்படியே கரைந்தது. கணவன் பக்கம் திரும்பி, பழைய அதிகாரத்தோடு சொன்னாள்: "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? எனக்கு ஒண்ணும் காது கெட்டுப் போகல."

நாச்சிமுத்து சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார்.

ஆக்ஸிலியாவின் மனம் அந்த இடத்தில்தான் முடிவெடுத்தது. எழுபது பேருக்கு எழுபது முறை அவள் படித்த அந்த வாசகம் என்ன சொன்னது? உங்கள் காது சரியில்லை, ஒன்றும் குறையவில்லை என்றுதானே சொன்னது?

பிறகு நாலு ஸ்பீக்கரை அவளே நிறுத்தினாள். பூஜை ரூமில் இருந்த சின்னதை மட்டும் கையில் எடுத்தாள். "இது சார்ஜ்ல நாலு மணி நேரம் நிக்குங்கய்யா. அக்கா நடக்கட்டும். இதை எடுத்துக்கிட்டு நீங்க பின்னாடியே போங்க. ஒரு பாட்டுதான் கேக்கும். மண்டிக்குப் போற நேரத்துல சமையக்காரம்மா எடுத்துட்டு நடக்கட்டும்."

"நான் தூக்கிட்டு நடக்கணுமா?"

"மூட்டை தூக்கின கைதானே?" என்றான் ஜேசன்.

நாச்சிமுத்து துண்டை மடித்து அதன்மேல் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, சாமி பல்லக்கு தூக்குகிற பக்தியோடு மனைவியின் பின்னால் நடந்தார். ஹால், பூஜை ரூம், சமையல்கட்டு. முத்துலட்சுமி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பாட்டு கூடவே வந்தது. தொடர்ந்து நடந்தாள்.

திரும்பும்போது மலைப்பாதையில் பாதித் தூரம் ஏறியாயிற்று. ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜேசன் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு, "போட மாட்டே. அப்படித்தானே?" என்றான்.

"மாட்டேங்க."

"சரி. அப்ப நீ எங்கூட ஜீப்புல வா. வர்றவங்களுக்கு வியூ பாயின்ட் பத்தி நீ பேசு. எனக்குப் பேசிப் பேசி அலுத்துப்போச்சு. ஆனா ஒண்ணு, மேகம் மறைச்சு ஒண்ணும் தெரியலேன்னா அதுக்கும் நம்ம தப்புன்னு மாரடிக்கக் கூடாது."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனிக்கு அவள் எழுதிய கடிதத்தில் நான்கே வரிகள். 'அன்று நான் வாடிக்கையாளரிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அப்டேட் எதற்கு என்று விசாரிக்காமல் தொடச் சொன்னது என் தவறு. சேர்ந்து பாடும் வசதியை எடுத்தது கம்பெனியின் தவறு. கேட்கிற இடத்தில் இதையே சொல்வேன்.'

மத்தியானத்துக்கெல்லாம் அவள் கணினியில் கம்பெனிப் பக்கம் திறக்க மறுத்தது. சாயங்காலம் கோகுல் தன் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டான். "ஹெட்செட்டைக் கூரியர்ல போட்டுருங்க மேம்" என்றவன், வைக்காமல் தயங்கினான். "எங்க அம்மாவும் ரெண்டு குருவி டப்பா வெச்சிருக்காங்க. ஒரு மாசமா ஏன் சேர்ந்து பாடலைன்னு கேக்கறாங்க. நானும் அந்த வாசகத்தைத்தானுங்க படிச்சுக் காட்டினேன். இன்னிக்குப் போயி உண்மையச் சொல்லிடறேன்."

வழக்கு இன்னும் நடக்கிறது. நாச்சிமுத்து வாபஸ் வாங்கவில்லை. வாங்கக் கூடாது என்று ஆக்ஸிலியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வருகிற பத்தாம் தேதி திண்டுக்கல்லில் அவள் சாட்சி சொல்ல வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. வக்கீல்கள் என்னவெல்லாமோ கேட்பார்களாம். ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து, பில்லர் ராக் பாறைகளுக்கு முன்னால் மேகம் விலகக் காத்திருக்கும் குடும்பங்களிடம் பேசிப் பேசி, அவள் தொண்டை இப்போது முன்னைவிடத் தேறியிருக்கிறது.

நேற்று மத்தியானம் ஒட்டன்சத்திரத்திலிருந்து போன் வந்தது. நாச்சிமுத்துவின் எண்தான். பேசியது முத்துலட்சுமி.

"நீதானே அன்னைக்கு வந்து கேட்டவ?"

"நான்தாங்கக்கா."

"இவரு பாட்டைத் தூக்கிக்கிட்டு என் பின்னாலயே வர்றாரு. கை வலிக்குது அவருக்கு. வாயத் தெறந்து சொல்ல மாட்டாரு, மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. மாத்திப் பிடிக்க ஒரு ஆள் வேணும். நீ வர்றியா?"

"பத்தாம் தேதி அந்தப் பக்கம்தாங்கக்கா வர்றேன். கோர்ட்டு வேலை முடிஞ்சதும் நேரா உங்க வீட்டுக்குத்தான்."

"சாப்பிடாம வா" என்றாள் முத்துலட்சுமி. "கொழம்பு வெக்கச் சொல்றேன்."